வகுப்பறைக்கு வந்த கருவிகள்: ஹைதராபாத்தின் அனுபவம்

(ஹைதராபாத்தில் ஆசிரியர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)

1975 ஆகஸ்ட் முதல் நாள் தொடங்கி 1976 ஜூலை இறுதி நாள் வரை, ஓராண்டு காலம், ஹைதராபாத் நகரைச் சூழ்ந்த மாவட்டங்களின் சிற்றூர்ப் பள்ளிகளில் ஒரு புதுமை நிகழ்ந்து வந்தது. சாலை வசதியே சரிவர எட்டாத ஊர். ஓரிரு அறைகள் கொண்ட பள்ளிக்கூடம். அதன் அருகே, கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் செய்யப்பட்ட, பத்தடி விட்டமுள்ள ஒரு கிண்ணம். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்ற செயற்கைக்கோளிலிருந்து இறங்கிய படத்தை அக்கிண்ணம் வாங்கி, உள்ளே இருந்த தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தந்தது. காலை வேளையில் 22½ நிமிட நேரம் தெலுங்கு மொழியில் சிறுவர் நிகழ்ச்சி நடைபெற்றது. அந்நாளில் ஹைதராபாத் நகரத்துச் செல்வர் இல்லங்களிலும் தொலைக்காட்சி கிடையாது. இந்நகரில் தூர்தர்ஷன் நிலையம் ஒளிபரப்பத் தொடங்கியதே 1977-இல்தான். நகரத்தை விட்டுவிட்டு முதலில் கிராமத்துக்குப் போன தொழில்நுட்பங்கள் நமது நாட்டில் மிகச் சில. அவற்றுள் தலையாயது இது.

செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை என்பது அதன் பெயர். 'சைட்' என்ற சுருக்கப் பெயராலேயே அது பெரிதும் அறியப்பட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுடன் 1969-இல் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. அதற்குப் பின்னணியில் நின்ற டாக்டர் விக்ரம் சாராபாய் 1971 டிசம்பரில் மறைந்துவிட்டார். பரிசோதனையை அவர் காணவில்லை. 1974 மே மாதம் ஏவப்பட்ட ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோள், முதல் ஓராண்டு அமெரிக்க நாட்டின் தொலைதூர மலைப்பகுதிகளுக்குப் பணி செய்தபின், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலாக நகர்த்தி நிறுத்தப்பட்டு, இந்தியாவுக்கு ஓராண்டு இரவலாகத் தரப்பட்டது. ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில், மாநிலத்துக்கு ஏறத்தாழ 400 என்ற கணக்கில், சுமார் 2,400 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. செல்வம் மிக்க கிராமங்கள் அல்ல. பின்தங்கியவை என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அயல்நாட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. செயற்கைக்கோள் வழிச் செய்தித் தொடர்பைப் பற்றி 1945-லேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் வசித்து வந்தார். அவருடைய இல்லத்திலும் நமது பொறியாளர்கள் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வந்தார்கள்.

இப்பரிசோதனையில் ஹைதராபாத்துக்கு மூன்று பங்குகள் இருந்தன. ஒன்று, பார்வையாளர் கிராமங்கள் இதன் அருகில் இருந்தன. இரண்டு, டில்லியிலும் கட்டக்கிலும் அமைந்தவை போன்ற நிகழ்ச்சித் தயாரிப்பு நிலையம் ஒன்று இங்கே அமைக்கப்பட்டது. தெலுங்கு நிகழ்ச்சிகள் அங்கு உருவாயின. மூன்றாவது, கிராமங்களுக்குப் போன பெட்டிகளைத் தயாரித்துத் தந்தது இந்நகரிலுள்ள மத்திய அரசு நிறுவனமான இந்திய மின்னணுக் கழகம். அகமதாபாத் விண்வெளி மையத்தில் வகுக்கப்பட்ட வடிவமைப்பை ஆயிரக்கணக்கில் செய்து முடித்தவர்கள் இந்நகரத்துத் தொழிலாளர்கள். (பிற்காலத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைச் செய்து தந்ததும் இதே நிறுவனம்தான். கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குள் இருமுறை நுழைந்த தொழிற்சாலை என்று அதைச் சொல்லலாம்.)

கருவியைச் செய்தவர், பாடத்தைச் செய்தவர், பாடம் கேட்டவர் ஆகிய மூவரும் ஒரே வட்டாரத்தில் இருந்த காரணத்தால், வகுப்பறையும் கருவியும் சந்தித்த வரலாற்றைப் பார்ப்பதற்கு ஹைதராபாத் நல்ல இடம். அவ்வரலாற்றில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. கருவியை வாங்குவதற்குப் பணம் கிடைத்துவிடுகிறது. வாங்கிய கருவி மூன்றாம் ஆண்டிலும் இயங்குவதற்கு யார் பணம் தருவது?

மணலும் கற்பலகையும்

தொழில்நுட்பம் என்றவுடன் மின்சாரத்தால் இயங்குவதையே மனம் நினைக்கிறது. ஆயினும் திண்ணைப் பள்ளிப் பிள்ளை விரலால் எழுதிப் பழகிய மணற்பரப்பும் ஒரு கல்விக் கருவியே. சென்னை எழும்பூரில் 1789-இல் தொடங்கப்பட்ட அநாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கத் தயங்கவே, மூத்த மாணவர்களைக் கொண்டு இளைய மாணவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயருடன் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. அதாவது, வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் தென்னாடு முதலில் ஏற்றுமதி செய்தது. இறக்குமதி பிற்பாடுதான் வந்தது.

மணலுக்குப்பின் கற்பலகை. ஆந்திரப் பிரதேசத்தின் மார்க்காபுரம் வட்டாரத்தில் பூமியை வெட்டினால் ஏடு ஏடாகப் பிரியும் கல் கிடைக்கிறது. அதை அறுத்து, தேய்த்து, மரச்சட்டம் பொருத்தி, நாட்டின் பல பகுதிகளிலுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்பிய தொழில் அவ்வூரில் தழைத்தது. எழுதுகோலுக்குத் தமிழில் பலப்பம், தெலுங்கிலும் பலபம். ஒரு பொருளியல் மாணவன் கற்பலகையைப் பார்த்தால் அதில் ஒரு சிறப்பைக் காண்பான். அதற்கு மூலதனச் செலவு உண்டு. தொடர் செலவு ஏறத்தாழ இல்லை. மின்கட்டணம் இல்லை, பழுதுநீக்குவோர் இல்லை, உதிரிப் பாகம் இல்லை. கை தவறி உடைந்தால் உடைந்த துண்டிலும் எழுதலாம். அதற்குப்பின் வகுப்பறைக்குள் வந்த எந்தக் கருவிக்கும் இத்தன்மை வாய்க்கவில்லை.

வானொலியின் காலத்தில் இவ்வேறுபாடு முதன்முதலாகத் தெரியவந்தது. அகில இந்திய வானொலி 1930-களின் பிற்பகுதியில் கல்கத்தா, சென்னை முதலிய நிலையங்களிலிருந்து பள்ளி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. ஹைதராபாத்தில் நிஜாம் அரசின் டெக்கான் ரேடியோ தனியே இயங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. பள்ளி ஒலிபரப்பு என்பது செலவு குறைந்த, அருமையான யோசனை. ஆயினும் ஒலிபரப்பு நேரமும் வகுப்பின் கால அட்டவணையும் பொருந்தவேண்டும். பாடக்குறிப்பு ஆசிரியரின் கைக்கு முன்கூட்டியே வந்து சேரவேண்டும். பெட்டியில் மின்கலம் இருக்கவேண்டும். மூன்றும் ஒரே நாளில் கூடிவருவது எவ்வளவு அரிது என்பதைப் பள்ளியில் பணியாற்றியவர்கள் அறிவார்கள்.

தொலைக்காட்சி டில்லியில் 1959-இல் வந்தது. 1961 அக்டோபரில் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் டில்லி உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று பாட ஒளிபரப்பு தொடங்கிற்று. ஆய்வுக்கூடமும் தகுதிபெற்ற அறிவியல் ஆசிரியரும் இல்லாத பள்ளிகளுக்கு அது பேருதவி என்று கருதப்பட்டது. ஆனால் அது தலைநகரத்தின் எல்லையைத் தாண்டவில்லை. தரையில் நிற்கும் கோபுரத்தைக் கொண்டு நாடு முழுவதும் ஒளிபரப்ப வேண்டுமானால் பல ஆண்டுகளும் பெரும் பொருளும் வேண்டும். அத்தடையைத் தாண்டும் குறுக்குவழியாகவே செயற்கைக்கோள் எண்ணப்பட்டது.

அந்த ஓராண்டு

சைட் பரிசோதனையின் பள்ளி நிகழ்ச்சி 5 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களுக்காக வகுக்கப்பட்டது. காலை ஒன்றரை மணி நேரம். இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு என்று நான்கு மொழிகளுக்கும் சரிபங்கு. இதில் ஒரு சிக்கல் தொடக்கத்திலேயே ஒளிந்திருந்தது. முதல் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பெட்டியின் முன்னால் அமர்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தாக வேண்டும். ஆகவே பாடநூலைப் பின்பற்றாமல், ஆர்வத்தைத் தூண்டுவது, சுற்றுப்புறத்தைக் கவனிக்கச் செய்வது, சுகாதாரப் பழக்கங்களை உணர்த்துவது, கதையும் பாட்டும் அளிப்பது என்று நிகழ்ச்சியின் நோக்கத்தை வகுத்தார்கள். ஓராசிரியர் பள்ளியில் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. அங்கே ஆசிரியரும் ஐந்து வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்தே ஆண்டு முழுதும் காலந்தள்ளுகிறார்.

பெட்டிகள் பெரும்பாலும் பள்ளிக் கட்டடங்களில் வைக்கப்பட்டன. அவற்றுக்குக் காவலராகப் பல ஊர்களில் ஆசிரியரே நியமிக்கப்பட்டார். மாலையில் ஊரே அங்கு திரண்டது. முதல் வாரங்களில் நூற்றுக்கணக்கானோர் வந்தனர். புதுமை தேய்ந்தபின் கூட்டம் குறைந்து ஓரளவில் நிலைபெற்றது. காலை நேரத்துச் சிறுவர்களுக்கு அத்தகைய சலிப்பு ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

விளைவு என்ன? பரிசோதனையை மதிப்பிடுவதற்குச் சமூகவியல் ஆய்வாளர்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்ததைப் பாராட்டவேண்டும். பணம் செலவிட்டபின் பயன் என்னவென்று கேட்கும் வழக்கம் நமது திட்டங்களில் அவ்வளவு பரவலானது அன்று. சிறுவர்களிடம் மொழித்திறன் வளர்ந்திருந்தது. புதியதை அறியும் நாட்டம் கூடியிருந்தது. ஆனால் பள்ளியில் சேருவோர் தொகையும், பாதியில் நிற்போர் தொகையும் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. தொலைக்காட்சியைக் காட்டினால் பிள்ளைகள் பள்ளிக்கு ஓடிவருவார்கள் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. பள்ளிக்கு வராத பிள்ளை ஆடு மேய்த்துக்கொண்டிருந்தது. அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தது. காலை நேரத்து 22½ நிமிடத்துக்காக அவ்வேலையை விட்டுவர அப்பிள்ளைக்கு உரிமையில்லை.

சைட் பரிசோதனையின் மற்றொரு பகுதி அதிகம் பேசப்படவில்லை. பொருளியல் கணக்குப்படி பார்த்தால் அதுவே மிகுந்த பயன் அளித்த பகுதி எனத் தோன்றுகிறது. 1975 அக்டோபரிலும் 1976 கோடைக்காலத்திலுமாக இருமுறை, ஒவ்வொரு முறையும் 12 நாள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி அளிக்கப்பட்டது. இரண்டிலும் சேர்த்துச் சுமார் 48,000 ஆசிரியர்கள் பங்குபெற்றனர். தொலைக்காட்சி மட்டும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. வானொலி இருந்தது, அச்சிட்ட செயல்முறை ஏடுகள் இருந்தன, கையால் செய்து பார்க்கும் சோதனைகள் இருந்தன, ஐயம் கேட்டுத் தெளிவதற்கு ஒவ்வொரு மையத்திலும் ஒருவர் இருந்தார். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு இதை வகுத்தது. பயிற்சிக்குப்பின் ஆசிரியர்களின் அறிவியல் அறிவு தெளிவாக உயர்ந்திருந்தது.

கணக்கு எளிது. ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு முப்பது, நாற்பது பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்; இருபது, முப்பது ஆண்டுகள் பணியில் இருக்கிறார். செயற்கைக்கோள் 1976 ஜூலை 31-ஆம் நாளுக்குப்பின் மேற்கு நோக்கித் திரும்பிவிட்டது. சிறுவர் நிகழ்ச்சி அன்றோடு நின்றது. 48,000 ஆசிரியர்கள் திரும்பிப் போகவில்லை.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த ஓராண்டு முழுவதும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருந்தன. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரிலும் ஓடின. அதற்குக் காரணம், பழுது பற்றிய செய்தி கிராமத்திலிருந்து வந்து சேர்வதற்கும், பழுதுநீக்குவோர் வாகனத்தில் போய்ச் சேர்வதற்கும், உதிரிப் பாகம் கையிருப்பில் இருப்பதற்கும் விண்வெளி நிறுவனம் திட்டமிட்டு ஏற்பாடு செய்திருந்தது. கருவியின் வடிவமைப்பில் செலுத்திய அக்கறைக்குக் குறையாத அக்கறையை அதன் பராமரிப்பிலும் செலுத்தினார்கள். பரிசோதனை என்பதால் அதற்குப் பணம் இருந்தது. ஓராண்டு என்பதால் அப்பணம் போதுமானதாகவும் இருந்தது.

திட்டச் செலவும் திட்டம் சாராச் செலவும்

பரிசோதனை முடிந்தபின் ஹைதராபாத், குல்பர்கா, ராய்ப்பூர், சம்பல்பூர், முசாபர்பூர், ஜெய்ப்பூர் ஆகிய இடங்களில் தரைவழி ஒளிபரப்பு நிலையங்கள் அமைத்து, அவற்றின் எல்லைக்குள் வரும் கிராமங்களில் பணி தொடர வகைசெய்யப்பட்டது. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாளிலேயே ஆந்திரப் பிரதேசத்திலும் ஒரிசாவிலும் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி விண்ணை அடைந்தபின் மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆறு மாநிலங்களில் அமைந்தபோது அவற்றுள் ஒன்று ஹைதராபாத்துக்குக் கிடைத்தது. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' கல்லூரிகளுக்கு ஒளிபரப்பாயிற்று. பெட்டிகள் இப்போது ஆயிரக்கணக்கில் பள்ளிகளுக்குப் போயின. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப்பின் வண்ணத் தொலைக்காட்சிகளும், வானொலியும் ஒலிநாடாவும் இணைந்த பெட்டிகளும் போயின.

போனபின் என்ன ஆயிற்று என்பதை அறிய, அக்காலத்து வரவுசெலவுத் திட்ட அமைப்பை நோக்கவேண்டும். அரசின் செலவு அன்று இரு கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தது: திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு. ஐந்தாண்டுத் திட்டத்தில் புதிதாகத் தொடங்கும் பணி திட்டச் செலவில் வரும். அதற்கு மத்திய அரசின் பங்கு உண்டு, திட்டக் குழுவின் ஆசி உண்டு, தொடக்க விழாவும் உண்டு. திட்டக் காலம் முடிந்தவுடன் அப்பணியைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பு, மாநில அரசின் திட்டம் சாராச் செலவுக்கு மாற்றப்படும். அத்தலைப்பில் ஏற்கெனவே ஊதியம், ஓய்வூதியம், வட்டி ஆகியவை நெருக்கிக்கொண்டு நிற்கும். நிதி நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது பராமரிப்பு. ஆசிரியரின் ஊதியத்தை வெட்ட முடியாது. தொலைக்காட்சிப் பெட்டியின் பழுதை நீக்காவிட்டால் யாரும் வழக்குத் தொடுக்கமாட்டார்கள்.

இதன் விளைவை ஒரு தலைமையாசிரியரின் இடத்திலிருந்து பார்க்கவேண்டும். பெட்டி அரசுச் சொத்து. இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஓடினால் பழுதாகக்கூடும், பழுதானால் நீக்கப் பணமில்லை, களவு போனால் விளக்கம் கேட்பார்கள். ஆகவே அதைத் துணியால் மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதே அறிவுடைமை. இதைச் சோம்பல் என்று பல ஆய்வு அறிக்கைகள் எழுதிவிட்டன. அது சோம்பல் அன்று. விதிகள் வகுத்த வழியில் நடந்த நேர்மையான ஊழியரின் தற்காப்பு.

1987-இல் தொடங்கிய 'கரும்பலகைச் செயற்பாடு' என்ற திட்டத்தின் பெயரையே இங்கு நினைவுகூரலாம். எந்தப் பருவத்துக்கும் ஏற்ற இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள் (கூடியமட்டும் அவர்களில் ஒருவர் பெண்), கரும்பலகை, படங்கள், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவை ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் வேண்டும் என்பது அதன் இலக்கு. இன்சாட் வழியே பாடம் இறங்கத் தொடங்கி ஐந்தாண்டு கழித்து நாடு கரும்பலகைக்கு ஒரு திட்டம் தீட்டவேண்டியிருந்தது. இதில் நகைப்புக்கு இடமில்லை. முன்னதைவிடப் பின்னதற்கே பிள்ளைகள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஆசிரியர் வந்தார் அல்லவா?

திறந்தநிலைப் பல்கலைக்கழகம்

இதே ஹைதராபாத்தில் வேறொரு முயற்சி நிலைத்து நின்றது. 1982-இல் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இங்கே நிறுவப்பட்டது. ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று தொடங்கி, 1991-இல் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் பெயரைப் பெற்றது. அதன் முதல் துணைவேந்தரான பேராசிரியர் ஜி. ராம் ரெட்டி, 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதற்கும் முதல் துணைவேந்தரானார். பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் தகுதித் தேர்வு எழுதி இதன் பட்டப்படிப்பில் சேரலாம் என்பது அந்நாளில் துணிச்சலான ஏற்பாடு.

வானொலிப் பாடமும் தொலைக்காட்சிப் பாடமும் இங்கேயும் உண்டு. ஆனால் முதுகெலும்பு அவை அல்ல. அஞ்சலில் வரும் அச்சிட்ட பாடநூலும், விடுமுறை நாளில் உள்ளூர்க் கல்லூரியொன்றில் கூடும் கற்றல் மையமும், அங்கு வந்து ஐயம் தீர்க்கும் ஆசிரியருமே முதுகெலும்பு. ஒலிபரப்பைத் தவறவிட்ட மாணவனுக்குப் புத்தகம் இருந்தது; புத்தகம் புரியாதவனுக்கு மையம் இருந்தது. இல்லத்தரசிகள், பேருந்து நடத்துநர்கள், படிப்பைப் பாதியில் விட்ட தொழிலாளர்கள் போன்றோர்க்கு உயர்கல்வியின் கதவு திறந்தது இப்படித்தான். கருவி ஒன்று நின்றால் மற்றொன்று தாங்கும்படி அமைத்தது இதன் வெற்றிக்குக் காரணம். மாணவன் கட்டணம் செலுத்தினான் என்பதும் ஒரு காரணமே. நூல் வந்து சேராவிட்டால் கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை அவ்வாறு கேட்காது.

கணினியும் அதற்குப் பின்னும்

கணினியின் கதையை விரித்துரைக்கத் தேவையில்லை. பெட்டியின் பெயர் மட்டுமே மாறிற்று. 1984-இல் 'கிளாஸ்' என்ற பெயரில் பிரிட்டனில் செய்யப்பட்ட சிறு கணினிகள் ஒருசில நூறு பள்ளிகளுக்கு வந்தன. 2004 டிசம்பரில் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் வந்தது. ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள், தனியார் நிறுவனமே கணினி அறையை அமைத்து, ஐந்தாண்டுகள் இயக்கிப் பின்னர் பள்ளியிடம் ஒப்படைக்கும் ஒப்பந்த முறையைக் கைக்கொண்டன. அம்முறையில் ஒரு நல்ல கூறு உண்டு: ஐந்தாண்டுப் பராமரிப்பு, விலையிலேயே அடங்கிவிடுகிறது. தீய கூறும் அதுவே. கணினி முதுமை அடைந்து, பழுது மிகும் ஆறாம் ஆண்டில்தான் அது பள்ளியின் கைக்கு வருகிறது. அதை இயக்கிய பயிற்றுநர் அன்றே விடைபெறுகிறார்.

கணினி பயன் தருமா தராதா என்ற வினாவுக்கு நமது நாட்டிலேயே முறையான விடை ஒன்று உண்டு. குஜராத்தின் வடோதரா நகராட்சிப் பள்ளிகளில் 2002-04 காலத்தில், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணினியில் கணக்கு விளையாட்டுகள் ஆடினார்கள். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த பொருளியலாளர்கள், கணக்குத் தேர்வில் தெளிவான உயர்வைக் கண்டார்கள். அதே நகரில், பின்தங்கிய பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தர உள்ளூர் இளம்பெண்களை உதவியாளர்களாக அமர்த்தியபோதும் உயர்வு கிடைத்தது. அளவில் கணினியினும் சற்றுக் குறைவு, செலவிலோ பன்மடங்கு குறைவு. இருவகை முன்னேற்றமும் திட்டம் நின்று ஓராண்டானபின் பெரிதும் தேய்ந்துவிட்டது. ஆகவே எதை வாங்குவது என்பதோடு, எத்தனை ஆண்டு தொடர்வது என்பதையும் சேர்த்தே முடிவுசெய்யவேண்டும்.

2004 செப்டம்பர் 20-ஆம் நாள், கல்விக்கென்றே செய்யப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 1975-இல் இரவல் வாங்கிய நாடு, தன் கலத்தைத் தன் ஊர்தியில் தானே ஏவிற்று. அக்கலம் 2010-இல் ஓய்வுபெற்றது. தரையிலுள்ள முனையங்களை மற்றொரு செயற்கைக்கோளுக்குத் திருப்பி அமைத்தால்தான் பணி தொடரும். ஹைதராபாத்திலிருந்து ஒளிபரப்பான மனா டி.வி., தெலங்கானா தனி மாநிலமானபின் 2017-இல் டி-சாட் என்ற பெயருடன் தொடர்ந்தது.

அதன் தேவை 2020-இல் வந்தது. கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், செப்டம்பர் 1-ஆம் நாள் முதல் தெலங்கானா அரசு மூன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தூர்தர்ஷன் யாதகிரி, டி-சாட் ஆகிய அலைவரிசைகளில் பாடம் நடத்திற்று. 45 ஆண்டுகளுக்கு முன் கம்பிவலைக் கிண்ணம் நின்ற அதே வட்டாரக் கிராமங்களில், பேரப்பிள்ளைகள் வீட்டுத் தொலைக்காட்சியில் பாடம் பார்த்தார்கள். ஒளிபரப்பில் குறையில்லை. பார்த்த பிள்ளை எது, பார்க்காத பிள்ளை எது, பார்த்தும் விளங்காத பிள்ளை எது என்பதைத் தொலைபேசியிலும் தெருவிலும் விசாரித்து அறியும் பணி ஆசிரியர்களிடமே விடப்பட்டது. வீட்டில் பெட்டி இல்லாத பிள்ளையை அண்டை வீட்டில் உட்காரவைக்க ஏற்பாடு செய்தவரும் ஆசிரியரே. அவ்விசாரணை நடந்த ஊரில் பாடம் நடந்தது. நடக்காத ஊரில் ஒளிபரப்பு மட்டும் நடந்தது.

திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவு 2017-18-ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்துடன் நீக்கப்பட்டது. பராமரிப்பை மாற்றாந்தாய் மனப்பான்மையுடன் நடத்திய ஓர் ஏற்பாடு ஒழிந்தது நன்றே. ஆயினும் பள்ளியின் கணக்கேட்டைத் திறந்து பார்த்தால் பழைய நெருக்கம் அங்கே இருக்கிறது. மத்திய, மாநில அரசுகள் இணைந்து நடத்தும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் நெறிகளில், 30 மாணவர்களுக்கு மேற்படாத பள்ளிக்கு ஆண்டு ஒருங்கிணைந்த மானியம் 10,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மீதி 9,000 ரூபாயில் கட்டடச் சிறு பழுது, குடிநீர், மின்கட்டணம், இணையக் கட்டணம், கற்பிக்கும் பொருள்கள், இயங்காத கருவிக்கு மாற்று ஆகிய யாவும் அடங்கவேண்டும். மாதத்துக்கு 750 ரூபாய். திறன்பலகைக்கும் கைக்கணினிக்கும் ஒதுக்கீடு கோரும் கோப்பு அடுத்த முறை மேசைக்கு வரும்போது, அதன் கடைசிப் பக்கத்தில் இந்த 750 ரூபாய் எவ்வளவாக உயரப்போகிறது என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டியவர்கள் நிதித் துறையினர் மட்டும் அல்லர்; கருவியை ஒப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளும் தலைமையாசிரியர்களும்தான்.